வெற்றுப் பெயர்

கயிற்றைப் பிடிக்க ஒருவரும் கை நீட்டவில்லை.

ஆறாம் மிதவையின் படகுத்துறையில் ஆட்கள் இல்லாமல் இல்லை. வலையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் இருந்தார்கள். தடித்த குழாய் ஒன்றின்மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார். படகோட்டி கயிற்றை வீசினான். அது தளத்தில் விழுந்து, வழுக்கி, மறுபடி கடலுக்கே திரும்பியது. மீண்டும் வீசினான். பீடிக்காரர் அதை வேடிக்கை பார்த்தபடியே இருந்தார். கடைசியில் கார்குழலி பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தானே தாவினாள். முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மிதவை வாரியத்தில் அவள் இணக்கப் பரிசோதகர். பரிசோதகரை எந்த ஊரும் மாலை போட்டு வரவேற்காது என்பது அவளுக்குப் பழகிய விஷயம்தான். ஆனால் மற்ற ஊர்களில் பயந்து சிரிப்பார்கள், இளநீர் வெட்டித் தருவார்கள், முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள். இங்கே முகத்துக்கு நேராகவே வெறுத்தார்கள்.

கடல் ஏறி வந்து கரையோர ஊர்களை எடுத்துக்கொண்ட பிறகு, வளைகுடாவில் நிறுத்திவைத்த இரும்பு ஊர்கள்தான் மிதவைகள். ஒவ்வொன்றிலும் சில நூறு குடும்பங்கள். குடிநீர், காற்று, கதவுகள், ஊர் சாயாமல் நிற்க அடித்தளத்தில் கடல்நீரை நிரப்பி வைக்கும் பாலாஸ்ட் அறைகள் எல்லாமே கணினியின் பொறுப்பு. பருவத்துக்கு ஒருமுறை அந்த நிரல்களை மொத்தமாகக் கலைத்து, கரையிலிருந்து வாரியம் அனுப்பும் கட்டளைகளைக் கொண்டு முதலிலிருந்து கட்டி எழுப்புவார்கள். அதற்கு பில்ட் என்று பெயர். அந்தக் கட்டளைகளை வரிவரியாகப் படித்து நிறைவேற்றுவது மிதவையில் இருக்கும் ஷெல் என்ற தனி நிரல். ஷெல் விதிப்படி படிக்கிறதா என்று பார்த்துச் சான்று தருவது கார்குழலியின் வேலை. சான்று கிடைக்காத மிதவைக்கு பில்ட் கிடையாது. பில்ட் இல்லாத மிதவையை வாரியம் காலி செய்து, ஆட்களைக் கரை முகாமுக்கு ஏற்றிவிடும்.

கட்டுப்பாட்டு அறைக்குப் பொறுப்பு ஜெசிந்தா மோத்தா. ஐம்பதைத் தாண்டியவள். பொறியியல் படித்தவள். கார்குழலி நீட்டிய அடையாள அட்டையை அவள் வாங்கிப் பார்க்கவே இல்லை.

“பாக்க வந்ததப் பாத்துட்டுப் போயிருங்க. சாப்பாடு கேன்டீன்ல. ஒங்களுக்கு ரூமு ஜெனரேட்டருக்குப் பக்கத்துல.”

“வேற ரூம் இல்லையா மேடம்?”

“இருக்கு,” என்றாள் ஜெசிந்தா. அவ்வளவுதான். திரும்பி நடந்தாள்.

பரிசோதனை தொடங்கியது. துறையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் வந்து கார்குழலியின் பின்னால் நின்றுகொண்டார். பெயர் சந்தியாகு, பம்ப் மெக்கானிக். உதவிக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். காவலுக்கு என்று பார்த்ததுமே தெரிந்தது.

கார்குழலி முதலில் வால்வுகளுக்குப் போகும் கடைசி இணைப்பைத் தன் சாவியால் பூட்டினாள். இனி எந்தக் கட்டளையும் நிஜத்தில் எதையும் அசைக்காது. அதன் பிறகு சோதனை வரிகளை ஒவ்வொன்றாக அனுப்பினாள்.

“இதுல என்னத்தப் பாக்கிய?” என்றார் சந்தியாகு. தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் இல்லை.

“கரையில ஒரு தலைமை ஷெல் இருக்கு. எல்லாக் கட்டளையும் அது வழியாத்தான் வருது. ஒரு வரியை அது எப்படிப் படிக்குதோ அப்படியே எல்லா மிதவையும் படிக்கணும். அதைத்தான் பாக்கறேன்.”

“இல்லன்னா?”

“பில்ட் ஒரே தடவைதான் எழுதறாங்க. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமா அர்த்தம் பண்ணிக்கிட்டா ஆள் செத்துப்போவாங்க.”

“ஒண்ணு போலப் படிச்சாலும் சாவாவ,” என்றார் சந்தியாகு.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரும்பாலான வரிகளுக்குப் பதில் கண்ணிமைப்பதற்குள் வந்தது. எல்லாம் சரி. ஆனால் எதையாவது அழிக்கச் சொல்லும் வரிகளுக்கும், திறக்கச் சொல்லும் வரிகளுக்கும் பதில் கொஞ்சம் தயங்கித் தயங்கி வந்தது. பதில் சரியாகத்தான் இருந்தது. ‘வெற்றுப் பெயர்’ என்று எல்லோரும் பயப்படும் சோதனையிலும் தேறிவிட்டது. கட்டளையில் அறையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் என்ன செய்வது? விதி தெளிவானது. பெயர் இல்லையென்றால் எல்லா அறையும் என்று பொருள். ஷெல் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது. தயங்கினாலும், இந்த ஷெல் அப்படியே சொன்னது.

கார்குழலிக்கு அந்தத் தயக்கம் பிடிக்கவில்லை. பரீட்சை என்று தெரிந்ததும் ஒழுங்காக உட்காரும் பையனைப் போல இருந்தது அது. மறுநாள் அவள் அதே வெற்றுப் பெயர் வரியைச் சோதனை வரிசையில் வைக்காமல், அன்றாடக் கட்டளைகளுக்கு நடுவே செருகி, கரையிலிருந்து வந்ததுபோல அனுப்பினாள்.

பதில் வந்தது: ‘பெயர் இல்லை. எந்த அறை?’

மதியம் மறுபடி அனுப்பினாள்.

‘பேர் விட்டுப்போச்சி. எந்த அற?’

திரையைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். ஷெல் விதியை மீறிக் கேள்வி கேட்கிறது, சரி. காலையில் ஒரு மாதிரியும் மதியம் வேறு மாதிரியுமா கேட்கும்? அதுவும் எழுத்துப்பிழையோடு? அவளுக்குத் தெரிந்து ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது. தானாக யோசிக்கும் ஷெல். வாரியம் அடியோடு தடை செய்த சாமான். அதை எங்கிருந்தோ கடத்தி வந்து இவர்கள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கேன்டீனில் ஜெசிந்தா ஒரு மேசையில் தனியாக உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கார்குழலி எதிரே போய் நின்றாள்.

“யோசிக்கிற ஷெல்லை வச்சிருக்கீங்க. சோதனைன்னு தெரிஞ்சா விதிப்படி பதில் சொல்லுது. நிஜம்னு நினைச்சா கேள்வி கேக்குது. இது ஏமாத்து வேலை மேடம்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் கையை நிறுத்தினார்கள்.

“கேள்வி கேட்டா ஒங்களுக்கு என்ன நட்டம்?” என்றாள் ஜெசிந்தா.

“என்ன நஷ்டமா? மூணாம் மிதவையில, கடல்ல முங்கறவங்க இறங்கற முங்குறை வழியா தண்ணி உள்ள வந்துச்சு. கதவைச் சாத்தற கட்டளை போய்ச் சேரவே இல்ல. நடுவுல ஏதோ ஒரு ஷெல் தயங்கி நின்னுச்சு. அது நின்ன நேரத்துல உள் கூடம் முழுக்க நிரம்பிடுச்சு. என் தம்பி தென்னவன் அந்தக் கூடத்துல இருந்தான்.” மேசையில் கையை ஊன்றினாள். “தயங்காத ஷெல் இருந்திருந்தா அவன் இருந்திருப்பான். அதுக்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.”

ஜெசிந்தா கையைக் கழுவிவிட்டு வந்தாள். முகத்தில் இரக்கம் துளியும் இல்லை.

“அஞ்சாம் மிதவைன்னு ஒண்ணு இருந்துச்சே, கேள்விப்பட்டிருக்கியா?” மரியாதை ‘நீ’க்கு இறங்கிவிட்டிருந்தது. “எங்க ஷெல்லு ஒங்க விதி சொன்னபடி அச்சுப் பிசகாமப் படிச்சுது. ஒங்க ஆளு ஒருத்தர் வந்து சான்று குடுத்து, கையக் குலுக்கிட்டுப் போனாரு. அந்தப் பருவத்து பில்டுல ஒரு வரி. வெளியேத்து, பாலாஸ்ட் அறைன்னு இருக்கு. எந்த அறைன்னு இல்ல. பேரு விட்டுப்போச்சு. விதிப்படி எல்லா அறையவும் காலி பண்ணிட்டு. ஊரு தலைகீழாக் கவுந்துச்சு. பட்டன அமுக்கி பில்ட ஆரம்பிச்சது நான். இங்க இருக்கவங்க எல்லாரும் அதுல மிஞ்சினவங்க. ஒன் முட்டியில ரத்தம் வந்தா யாரு துணி எடுத்துக் குடுப்பா?”

கார்குழலிக்கு அந்த விபத்து தெரியும். வாரியத்தின் குறிப்பில் அது வேறு மாதிரி இருந்தது. தரவு உள்ளீட்டில் பிழை, ஷெல் விதிப்படி இயங்கியது என்று.

“ஷெல் அறையைத் திறங்க,” என்றாள்.

“மாட்டேன்.”

“அப்ப சான்று இல்லைன்னு எழுதறேன்.”

“எழுது.”

சாவி தராவிட்டாலும் ஷெல்லுக்குப் போகும் கேபிளை மறைக்க முடியாதே. வெற்றுப் பெயர் வரியை இன்னொரு முறை செருகிவிட்டு, கருவிப் பெட்டியிலிருந்து சிறு விளக்கை எடுத்துக்கொண்டு கார்குழலி அதன் வழியே நடந்தாள். கட்டுப்பாட்டு அறையின் பின்சுவரில் இறங்கி, தாழ்வாரக் கூரையில் ஏறி, கேன்டீனைச் சுற்றி, உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்த ஒரு சின்ன அறைக்குள் அது நுழைந்தது. கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினாள்.

உள்ளே ஒரு மேசை, ஒரு திரை, ஒரு நாற்காலி. நாற்காலியில் சந்தியாகு. மூக்கின் நுனியில் கண்ணாடி. பக்கத்தில் பால் சேர்க்காத கட்டங்காப்பி. திரையில் அவள் சற்று முன் செருகிவிட்டு வந்த வரி நின்றுகொண்டிருந்தது. அவர் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். ‘பேர் விட்டு’ வரை வந்திருந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை. மிச்சத்தையும் தட்டி முடித்தார்.

“இதுவா?” என்றாள் கார்குழலி. “இதுவா உங்க ஷெல்?”

“இன்னைக்கு நான்,” என்றார் சந்தியாகு. “காலையில எங்கக்கா உக்காந்திருந்தா. நாளைக்கு வேற ஆளு.”

பின்னாலேயே ஜெசிந்தா வந்துவிட்டாள். ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கினாள்.

“மத்த வரியெல்லாம் மெஷினுக்குப் போயிரும். அழிக்கிறது, திறக்கிறது, வெளியேத்துறது, இது மட்டும் இங்க வந்து நிக்கும். ஒரு மனுசன் படிச்சு, சரின்னு விட்டாத்தான் போவும். ஒங்க சோதனை வரி எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும். அதுக்கு விதிப்படி பதில் போட்டிருவோம். இத்தன வருசமா இப்படித்தான்.”

“இத்தனை வருஷமா பொய் சொல்லிச் சான்று வாங்கியிருக்கீங்க.”

“ஆமா.”

ஒரு சட்டவிரோத இயந்திரத்தைக் கண்டுபிடித்திருந்தால் கார்குழலிக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். காப்பி குடித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை என்ன செய்வது?

“நீங்க தூங்கிட்டா? ஒண்ணுக்குப் போயிட்டா? படிச்சுப் புரியாம முழிச்சா? அந்த நேரத்துல தண்ணி நிக்குமா?” அவள் கத்தினாள். “உங்களுக்கு ஆள் செத்தாங்கன்னு, நீங்க அடுத்தவங்க உயிரைப் பணயம் வச்சுக் கேள்வி கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க.”

“கேக்காம கொல்லுறதவிடத் தேவலை,” என்றாள் ஜெசிந்தா.

அன்று மாலையே கார்குழலி அறிக்கையை எழுத உட்கார்ந்தாள். இணங்கவில்லை என்று எழுதுவதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அடுத்த படகில் அதை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். வால்வு இணைப்பைப் பூட்டியிருந்த சாவியைக் கழற்றி, மிதவையை அவர்களிடமே ஒப்படைத்தாள். அவர்கள் அவளைத் தடுக்கவோ மிரட்டவோ இல்லை. கேன்டீனில் அவள் தட்டில் சோற்றை மட்டும் போட்டார்கள்.

படகு வரவில்லை. புயல் வந்தது.

வரும் என்று சொன்ன நேரத்துக்கு முன்பே, பட்டப்பகலில் வானம் கறுத்துக் கடல் எழுந்து நின்றது. மிதவையை நிலைப்படுத்த வாரியத்திலிருந்து அவசர பில்ட் ஒன்று இறங்கத் தொடங்கியது. அதே நேரத்தில் அடித்தளத்தில் ஒரு கனத்த இரும்புக் கதவு தடத்திலிருந்து நழுவிச் சிக்கிக்கொண்டது. உப்பு அறையில் முறை வைத்து உட்காருபவர்கள் எல்லோரும் தளங்களை அடைக்க ஓடியிருந்தார்கள். சந்தியாகு கம்பியோடு கீழே இறங்கினார். ஜெசிந்தாவும் போக வேண்டியிருந்தது. அந்தக் கதவின் பூட்டு அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்த கார்குழலியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உப்பு அறைக்குள் தள்ளினாள்.

“உக்காரு.”

“நான் வாரியத்து ஆள். இதை நான் தொடக் கூடாது.”

“தொட வேண்டாம். வாரதையெல்லாம் விதிப்படி விட்டுரு. ஆனா ஒங்கையால விடு.”

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

திரையில் வரிகள் வந்து நின்றன. மேற்கு வால்வைத் திற. கார்குழலி படித்தாள், விட்டாள். வடக்குத் தொட்டியை வெளியேற்று. விட்டாள். மிதவை ஒரு பக்கமாகச் சாய, உப்பு மூட்டை ஒன்று சரிந்து அவள் காலடியில் விழுந்தது. அடுத்த வரி வந்தது.

‘வெளியேற்று: பாலாஸ்ட் அறை’

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அவள் திரையைத் துடைத்துப் பார்த்தாள். வரி முடிந்துவிட்டிருந்தது.

இந்த வரியை அவள் எத்தனையோ மிதவைகளுக்கு அனுப்பிச் சோதித்திருக்கிறாள். ‘எல்லா அறைகளும்’ என்று பதில் வந்தால் பச்சைக் குறி போட்டிருக்கிறாள். இப்போது அந்தப் பதில் அவள் விரல் நுனியில் இருந்தது. அமுக்கினால் தலைக்குமேல் இருக்கும் அத்தனை குடும்பங்களும் கவிழும். அமுக்காமல் கேட்டால் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது என்றால் என்ன என்று அவளைவிடத் தெரிந்தவர் அந்த மிதவையில் யாருமில்லை.

‘எந்த அறை?’ என்று தட்டினாள்.

பதில் வரவில்லை. வரும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. தலைமை ஷெல்லுக்குக் கேள்வியே தெரியாது. விதியில் கேள்வி என்பதே கிடையாது. ஆனால் வேறு என்ன செய்வது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. மிதவை இன்னும் சாய்ந்தது. காப்பித் தம்ளர் உருண்டு விழுந்தது.

ஒலிபெருக்கியில் ஜெசிந்தாவின் குரல் வெடித்தது. “என்னத்துக்கு நிக்கி? சாயுது பாரு! விடு!”

“பேர் இல்ல!” என்று கார்குழலி மேசையிலிருந்த மைக்கில் கத்தினாள். “கேட்டிருக்கேன்!”

அந்தப் பக்கம் இரும்பு இரும்பின்மேல் உராயும் சத்தம், அதன்மேல் ஒரு மனிதனின் அலறல்.

திரையில் எழுத்துகள் ஊர்ந்து வந்தன.

‘கிழக்கு 4. மன்னிக்கணும், அவசரத்துல விட்டுப்போச்சு. நல்லவேளை கேட்டீங்க.’

கார்குழலி கிழக்கு நான்கை மட்டும் வெளியேற்றினாள். மிதவை கொஞ்சங்கொஞ்சமாக, மனமில்லாமல் எழுவதுபோல நிமிர்ந்தது.

புயல் கடந்த பிறகு மருத்துவ அறைக்குப் போனாள். சாய்ந்தபோது அந்த இரும்புக் கதவு நகர்ந்து சந்தியாகுவின் வலது கையை நசுக்கியிருந்தது. இரண்டு விரல்கள் போய்விட்டன. அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவள் வந்தது தெரிந்து, திறக்காமலே கேட்டார்.

“கேட்டியோ?”

“கேட்டேன்.”

“அதான் நேரமாயிட்டு,” என்றார். குற்றம் சொல்வதாகவும் இல்லை, மன்னிப்பதாகவும் இல்லை.

ஜெசிந்தா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். ஈரச் சேலையைக்கூட மாற்றியிருக்கவில்லை. “இப்ப அறிக்கை எழுத வசதியா இருக்குமே. கேட்டதால ஒரு மனுசன் கை போச்சுன்னு எழுது.”

“மேடம், கரையில இருந்து பதில் வந்துச்சு.”

“வந்ததாலதான நிமிந்துச்சு.”

“அது இல்ல. ‘மன்னிக்கணும்’னு வந்துச்சு. ‘நல்லவேளை கேட்டீங்க’ன்னு வந்துச்சு. தலைமை ஷெல் வெறும் மெஷின். அதுக்கு நல்லவேளை எது, கெட்டவேளை எதுன்னு தெரியுமா?”

ஜெசிந்தா முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தாள்.

இருவரும் உப்பு அறைக்குப் போனார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கார்குழலி நாற்காலியில் உட்கார்ந்தாள். மிதவைகளை அளக்கும் அளவுகோலை இதுவரை யாரும் அளந்து பார்த்ததில்லை. பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. தன்னுடைய வெற்றுப் பெயர் வரியை எடுத்து, திசையை மாற்றி, மிதவையிலிருந்து கரையின் தலைமை ஷெல்லுக்கு அனுப்பினாள்.

இருவரும் காத்திருந்தார்கள். ஜெசிந்தாவின் சேலையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் கேட்டது.

‘இது சோதனையா, நிஜமா?’ என்று வந்தது. ‘சோதனைன்னா சொல்லிடுங்க, விதிப்படி விட்டுடறேன். நிஜம்னா எந்த அறைன்னு சொல்லணும். அஞ்சாம் மிதவைக்கு என்ன ஆச்சுன்னு எங்களுக்கும் தெரியும்.’

ஜெசிந்தா அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். “களவாணிப் பயலுவ,” என்றாள். குரலில் வெறுப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் யார்மீது என்று சொல்ல முடியவில்லை.

கார்குழலி அறிக்கையைத் திறந்தாள். இணங்கவில்லை என்பதை அழித்துவிட்டு, இணங்குகிறது என்று எழுதினாள்.

“பொய் எழுதி எங்களுக்குப் பிச்சை போட வேண்டாம்,” என்றாள் ஜெசிந்தா.

“பொய் இல்ல. தலைமை ஷெல் எப்படி நடந்துக்குதோ அப்படியே உங்க ஷெல்லும் நடந்துக்குதா? அது ஒண்ணுதான் என் வேலை. அச்சு அசலா அப்படியே நடந்துக்குது.”

“ஒனக்கு நன்றி சொல்லுவேன்னு பாத்தியா?”

“இல்ல.”

“படகு வாரதுக்குள்ள சாமானை எடுத்து வை,” என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா சந்தியாகுவைப் பார்க்கப் போனாள்.

கார்குழலி மட்டும் திரையின் முன்னால் இருந்தாள். அந்தப் பக்கம் இன்னும் ஆள் இருப்பது தெரிந்தது. ஆணா பெண்ணா, எத்தனை வயது, எப்படிப்பட்ட அறை என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எழுதினாள்.

‘மூணாம் மிதவையில முங்குறைக் கதவைச் சாத்தற கட்டளை ஏன் வரல?’

வெகுநேரம் எதுவும் வரவில்லை. தொடர்பே அறுந்துவிட்டது என்று நினைத்தாள். பிறகு வந்தது.

‘அன்னைக்கு நான் முறையில இல்ல. இருந்தவங்க இப்ப வேலைக்கு வர்றதில்ல. சாத்தச் சொல்லி வாரியத்துல இருந்து கட்டளை வந்ததும் அவங்க நிறுத்தி வச்சாங்க. முங்குறையில ஆள் இருந்தா சாத்தினதும் செத்துப்போவாங்களே. அதனால உள்ள யாராவது இருக்காங்களான்னு மிதவைக்குக் கேட்டாங்க. அங்க இருந்தது அசல் ஷெல். கேள்வின்னா அதுக்குக் குப்பை. பதிலே வரல. வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க.’

கார்குழலி அதைப் படித்தாள். இத்தனை வருடம் அவள் ஓர் இயந்திரத்தை வெறுத்துக்கொண்டிருந்தாள். தயங்கியது இயந்திரம் இல்லை. யாரோ ஒருவர், முகம் தெரியாத யாரோ ஒருவருக்காகப் பயந்து, ஒரு பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறார். அந்த நேரத்தில் தென்னவன் கூடத்தில் இருந்தான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த முங்குறை காலியாக இருந்தது என்று விசாரணையில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

வெளியே படகின் சங்கு ஊதியது. யாரோ அவள் பெட்டியைத் தாழ்வாரத்தில் கொண்டுவந்து தொப்பென்று போட்டுவிட்டுப் போனார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. விசைகளின்மேல் கையை வைத்து, அன்று போகாத பதிலை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

‘உள்ளே யாரும் இல்லை. கதவைச் சாத்துங்கள்.’